மருத்துவர் சீட்டில்லாமல் களிம்பு விற்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

என் மகளுக்கு ஒன்றரை வயது. முழங்கை மடிப்பில் கரப்பான் என்ற தோல் அரிப்பு நோய் வந்து ராத்திரியெல்லாம் சொறிவாள், விடிந்து பார்த்தால் தலையணை உறையில் ரத்தப் பொட்டு இருக்கும். மருந்துக் கடையில் சீட்டே கேட்காமல் ஒரு களிம்பு கொடுத்தார்கள், இரண்டே நாளில் மறைந்தது, நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. வீரியமான ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தும் கலந்த களிம்பாம், தோல் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது.

இப்போது வெதுவெதுப்பான தண்ணீரில் 5 முதல் 10 நிமிடம் குளியல், அப்புறம் தேய்க்காமல் துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகப் பூசுகிறோம். நகத்தை ஒட்ட வெட்டி, பருத்திச் சட்டைதான் போடுகிறோம். கடலைமாவு தேய்ப்பதை நிறுத்த மாமியாரைச் சம்மதிக்க வைக்கத்தான் ஒரு வாரம் ஆனது. மருத்துவர் எழுதித்தந்த மிதமான ஸ்டீராய்டும் உண்டு, அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை. புண்ணில் நீர் வடிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்பதற்கு 2018-லேயே மத்திய அரசு தடை போட்டது. கடைகளில் தடையை மீறி விற்கிறார்களா என்று சோதித்துப் பார்க்கச் சொல்லி நீங்களும் எழுதுங்கள்.

ஒரு தாய்,
மதுரை