அது தண்ணீர் அல்ல, மூச்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் திமிங்கலக் கட்டுரையில் படங்கள் அருமை. ஆனால் ஒரு படத்தின் கீழே 'தலையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் கூன்முதுகுத் திமிங்கலம்' என்று போட்டிருந்தீர்கள். அது கடல்நீர் அல்ல, மூச்சு. நுரையீரலிலிருந்து வேகமாக வெளியேறும் காற்றுதான், ஈரமும் கொஞ்சம் சளியும் கலந்து புகைபோலத் தெரிகிறது.

இது ஏட்டறிவு மட்டுமல்ல. போன ஜூலையில் அலாஸ்காவின் ஜூனோ அருகே படகில் போயிருந்தேன். அங்கே கூன்முதுகுத் திமிங்கலத்தை 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 90 மீட்டருக்குள், படகு நெருங்கக் கூடாது என்பது சட்டம். நாங்கள் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். சட்டம் தெரியாத ஒன்று தானாகவே பக்கத்தில் வந்து மூச்சுவிட்டது. மூக்குக்கண்ணாடி முழுக்கப் பிசுபிசுப்பு. அழுகிய மீன் நாற்றம் வேறு. சட்டையை இரண்டு முறை துவைக்க வேண்டியிருந்தது.

அப்புறம், கட்டுரையாளர் முக்கால் பக்கத்தைத் 'துள்ளலுக்கே' கொடுத்துவிட்டார். சரி, 25 டன்னுக்கு மேல் எடையுள்ள உடம்பு அந்தரத்தில் நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். ஆனால் அதை 'மனிதர்களைக் கண்ட மகிழ்ச்சி' என்பது நம் ஆசை. சுற்றிலும் படகே இல்லாதபோதும் அவை துள்ளுகின்றன.

அன்று என்னை உறைய வைத்தது வேறு. கடற்பறவைகள் திடீரென்று ஓரிடத்தில் கூடி வட்டமிட்டன. மாலுமி தண்ணீருக்குள் ஒரு மைக்கை இறக்கினார். நீண்ட ஊளை ஒன்று கேட்டது, மேலே மேலே ஏறிக்கொண்டே போனது. அதே நேரம் நீர்ப்பரப்பில் குமிழிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி ஒரு வளையமாகச் சேர்ந்தன. அடியில் ஒரு திமிங்கலம் வட்டமாக நீந்திக் காற்றை விட்டுக்கொண்டே வருகிறது. ஹெர்ரிங் மீன்கள் அந்தக் குமிழி வேலியைத் தாண்டப் பயந்து நடுவில் திரள்கின்றன. ஊளை சட்டென்று நின்றது. அடுத்த நொடி ஏழெட்டு வாய்கள் அகலத் திறந்தபடி ஒன்றாக மேலே வந்தன. தொண்டை மடிப்புகள் விரிந்து பலூன்போல உப்பியிருந்தன. வாயோரத்தில் துடித்த மீன்களைப் பறவைகள் கொத்தித் தூக்கின. வேலி கட்டுவதற்கு ஒன்று, மற்றவை மீன்களை மேலே விரட்ட என்று அவற்றுக்குள் வேலைப் பங்கீடே உண்டு. துள்ளலைவிட இதற்கல்லவா முக்கால் பக்கம் கொடுத்திருக்க வேண்டும்?

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வாலின் அடிப்பக்கம் தெரியும் படம் ஒன்றைப் போடுங்கள். அதிலுள்ள கறுப்பு வெள்ளைத் திட்டுகள் நம் கைரேகைபோல ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆய்வாளர்கள் அதை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறார்கள். நானே அனுப்பியிருப்பேன். எடுத்த நூற்றுச் சொச்சம் படங்களில் தேறியது ஒன்றே ஒன்று, அதிலும் பாதி வாலைப் பக்கத்தில் நின்றவரின் தொப்பி மறைத்துவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்