நுளம்பு வலைக்குக் கை கொடுத்த உறவுகளுக்கு

ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, மாங்குளம் பக்கத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

சாவீடு நடந்தால் முப்பத்தோராம் நாளோடு நன்றி நவிலல் அடித்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். பந்தல் போட்டவர்கள், சமைத்துத் தந்தவர்கள், மலர்வளையம் வைத்தவர்கள் என்று எல்லோருக்கும் ஒரு கார்டில் நன்றி சொல்லிவிடுவோம். 2016 மாரியில் என் மகள் போனபோது அதை எழுத எனக்குக் கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன். அன்று வந்தவர்களுக்கும், அதற்குப் பிறகும் என்னை விட்டுப் போகாமல் நின்றவர்களுக்கும் சேர்த்து.

பிள்ளைக்கு ஒன்பது வயது. இரவு என்னோடு பாயில் படுத்தவள், விடியப்புறம் வயிறு நோகுது என்று எழும்பினாள். ஓமத்தண்ணி கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை என்றாள். பிறகு எச்சில் விழுங்க ஏலாமல் போனது, கதை குழறியது. வாகனம் பிடித்துக் கொண்டு போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. உடம்பில் வீக்கம் இல்லை, காயம் இல்லை. எட்டடி விரியன் பாம்பு கடித்திருக்கிறது என்று வைத்தியர் சொன்னபோது வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.

அந்த வைத்தியருக்குத்தான் முதல் நன்றி. சடலத்தைத் தந்து அனுப்பியதோடு அவர் விடவில்லை. எட்டுச் செலவு முடிந்த பிறகு வீட்டுக்கே வந்து, திண்ணையில் இருந்து எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். இந்தப் பாம்பு இரவில்தான் இரை தேடி வீட்டுக்குள் வரும். நிலத்தில் படுத்திருப்பவர்தான் அகப்படுவார். பல் சின்னது என்பதால் நுளம்பு கடித்த அளவு நோவுகூடத் தெரியாமல் போகலாம். விஷம் முதலில் கண் மடலைச் சாய்க்கும், பிறகு தொண்டை, கடைசியில் மூச்சு. மெசின் வைத்து மூச்சைக் கொடுத்துக்கொண்டிருந்தால் பெரும்பாலானவர்கள் பிழைத்து எழும்புவார்கள் என்றும் சொன்னார். 2012, 2013 காலத்தில் நாடு முழுக்க வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பின்படி, ஒரு வருடத்தில் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, 400 பேர் அளவில் சாகிறார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்களாம். அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்த 400 பேருடைய வீட்டிலும் எத்தனை பேருக்கு இந்த விளக்கம் கிடைத்திருக்கும் என்றுதான் எனக்கு ஓடியது. நல்ல நுளம்பு வலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டு படுத்தால் பாம்பு உள்ளே வராது என்று அவர் சொன்ன அன்றைக்கே எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

வலை எங்கள் ஊர்களில் இல்லாததில்லை. மலேரியாக் காலத்தில் கொடுத்தது எல்லா வீட்டிலும் இருந்தது. 2016 செப்டெம்பரில் இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே அறிவித்துவிட்டது. அது பெரிய வெற்றிதான். ஆனால் இனி வலை எதற்கு என்று சனம் அதைக் கோழிக்கூட்டுக்கும் மிளகாய்ப் பாத்திக்கும் கட்டிவிட்டார்கள். அந்த வலைகளைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது.

இதில் பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த மடலே பொய். 2009இல் முள்ளிவாய்க்காலில் மகனைத் தவறவிட்டு, 2017 முதல் முல்லைத்தீவில் மற்றத் தாய்மாரோடு வீதியில் இருந்து பிள்ளை எங்கே என்று கேட்பவர். அவருடைய துயரத்துக்குத் தேதியும் இல்லை, திவசமும் இல்லை. அவர் வந்து என் பக்கத்தில் இருந்தார். அழாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. வலைகள் கட்டையாக இருக்கின்றன, பாய்க்கு அடியில் போகாது என்று முதலில் கண்டவர் அவர்தான். விளிம்பைச் சுற்றி ஒரு முழத் துணி வைத்துத் தைத்தால் சரி என்று தன்னுடைய பழைய சேலைகளைக் கிழித்தார். மகனுடைய சாரங்கள் பெட்டிக்குள் மடித்தபடி இருக்கின்றன, அவற்றைத் தொடமாட்டார். இன்றைக்கும் போராட்டத்துக்குப் போகும் நாளில் மாலை வந்து கால் மெசினில் இருந்துவிட்டுத்தான் சாப்பிடுவார். அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மாதர் சங்கத்துப் பிள்ளைகளுக்கு நன்றி. நூலும் துணியும் வாங்கக் காசு அனுப்பிய லண்டன், கனடா உறவுகளுக்கும் நன்றி. பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை.

விஷகடி வைத்தியர் ஐயாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பாட்டன் காலத்து ஏட்டோடு வைத்தியம் பார்ப்பவர். சனம் அவரைத் தேடித்தான் முதலில் ஓடும். அவரோடு மல்லுக்கட்ட வேண்டிவரும் என்று நினைத்துத்தான் அவருடைய படலையைத் திறந்தேன். மகளுடைய கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “பிள்ளை, இனி என்னட்டை வாறவையை நானே ஏத்தி அனுப்புறன்” என்றார். சொன்னபடி செய்கிறார். இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கிடையாது. மந்திரம் சொல்லச் சொல்லி நிற்பவர்களிடம், “அதை வாகனத்துக்குள்ள சொல்லுறன், நீ முதல்ல ஏறு” என்று தானும் ஏறிவிடுவார். வரும் சனத்தைத் தானே வைத்தியசாலைக்குத் திருப்பிவிட எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! ஐயா, உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன்.

ஓட்டோ ஓடும் தம்பிமாரே, 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வரும் அம்புலன்ஸ் 2018இல் வடக்குக்கும் வந்தபோது, அந்த இலக்கத்தை உங்கள் ஓட்டோவின் பின்பக்கம் பெரிதாக எழுதி வைத்தது நீங்கள். அது வர முன்னம் நடுச்சாமத்தில் கூப்பிட்டாலும் காசு கேட்காமல் ஓடிவந்தீர்கள். முத்தையன்கட்டு இடதுகரையில் வயல் காவலுக்குப் போன அண்ணரைக் கண்ணாடி விரியன் கடித்த இரவில், காலை அசையவிடாமல் தடியோடு கட்டி, நடக்க விடாமல் தூக்கி ஏற்றினீர்கள். அவர் இப்போது காலபோகத்துக்கு உழுகிறார். என் வீட்டைக் கடந்து போகும்போது உழவு மெசினை நிறுத்தி ஒரு கதை கதைக்காமல் போகமாட்டார். அவருடைய கடைசி மகளுக்கு இப்போது ஒன்பது வயது. அவளைக் காணும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது, சந்தோசமாகவும் இருக்கிறது. இரண்டும் உண்மை.

பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தில் பேச இடம் தந்த அதிபர் சேருக்கும், கண் மடல் சாய்வதைப் பிள்ளைகளுக்கு நடித்தே காட்டிய தாதி மிஸ்ஸுக்கும் நன்றி. இப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகள், மாரி காலத்தில் விடியப்புறம் வயிறு நொந்தால் தாயிடம் “என்ர கண்ணைப் பாருங்கோ” என்கிறார்கள்.

ஐப்பசி மழை தொடங்க முன்னம் இந்த முறையும் வீடு வீடாக வருவோம். கிழிந்த வலைகளை எறிந்துவிடாதீர்கள், தோய்த்துக் காயவிட்டு எடுத்து வையுங்கள். பருத்திச் சேலை, சாரம் எது இருந்தாலும் தாருங்கள். தைக்கத் தெரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்தால் இன்னொரு மெசினும் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் வலைக்கார அன்ரி,
ஒட்டுசுட்டான்.