உன் ஏரிக்குப் போய் வந்தேன்

அன்புள்ள தியானாளுக்கு,

ஐந்து மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டு, கேட்டுக்கொள்கிறேன். மகளின் பேறுகாலம், ரோமின் குளிர், இராத்திரி முழுக்கப் பேரனின் கச்சேரி என்று சாக்குகள் நிறைய உண்டு. உண்மை வேறு. தலைமையாசிரியை ஆனதைப் பற்றி நாலு பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில் "ஏட்டி, மூணு மாசமா ஒழுங்கா தூங்கல" என்று முடித்திருந்தாய். அதற்கு என்ன எழுதுவதென்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன்.

குழந்தை நலம். மகள் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மருமகன் எங்களை நேமிக்குக் கூட்டிப்போனார். ரோமிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். எரிமலையின் பழைய வாயில் தேங்கி நிற்கும் ஏரி. ரோமர்களின் வேட்டைத் தெய்வம் தியானாவின் பெயரில், 'தியானாவின் கண்ணாடி' என்று அதற்கு ஒரு பழைய பெயர். பார்த்ததுமே உனக்குத் தியானாள் என்று பட்டப்பெயர் வந்த ஸ்கிரிப்சர் (வேதாகம) வகுப்பும், நீ மேசைமேல் ஏறியதும், மர ஸ்கேலும் ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன். மருமகன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஏரிக்கரையில் தியானாவின் கோயில் இருந்த இடத்தில் சுவரும் சில மாடங்களும்தான் மிச்சம். 1885-இல் பிரிட்டிஷ் தூதர் ஒருவர் தோண்டி எடுத்தவற்றில் நிறைய இங்கிலாந்தின் நாட்டிங்காம் போய்ச் சேர்ந்துவிட்டன. எடுத்தவை என்ன தெரியுமா? சுட்ட களிமண்ணில் கருப்பைகள், மடியில் குழந்தையோடு தாய்மார். வேளாங்கண்ணியில் வெள்ளித் தகட்டில் கை கால் வாங்கிப் போடுகிறார்களே, அதே கணக்குதான். கல்யாணமே வேண்டாம் என்று வில்லோடு காட்டில் திரிந்தவளிடம் போய்ப் பிள்ளைப்பேற்றுக்கு வேண்டியிருக்கிறார்கள்! கிரேக்கர்களிடம் இதற்குக் கதை உண்டு. ரோமர்கள் தியானாவோடு ஒன்றாகப் பார்த்த ஆர்ட்டெமிஸ்தான் முதலில் பிறந்தாளாம். பிறந்த கையோடு, தம்பி அப்பல்லோ பிறக்க அம்மாவுக்கே பிரசவம் பார்த்தாளாம். பிரசவ அறை வாசலில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தவள் நான். எனக்கு அந்தக் கதையில் குறை சொல்லத் தோன்றவில்லை.

இப்போது நம் பழைய சண்டைக்கு வருகிறேன். பெயர்தான் வேறு, எல்லா ஊரிலும் தாய் ஒருத்திதான் என்பாய் நீ. ஒவ்வொரு ஊர்க்காரிக்கும் தனிக்கதை இருக்கிறது, போட்டுக் குழப்பாதே என்பேன் நான். உன் பட்டப்பெயரையே எடுத்துக்கொள். எபேசு ஊர்த் தெய்வம் ஆசியா மைனரின் (இன்றைய துருக்கி) மிகப் பழைய தாய். மார்பு நிறைய வரிசை வரிசையாக ஏதோ தொங்கும். முலை என்பார் சிலர், வேறு என்பார் சிலர். வேட்டைக்காரியின் சாயலே கிடையாது. அவளைக் கிரேக்கர்கள் ஆர்ட்டெமிஸ் என்றார்கள். அப்போஸ்தலர் நடபடிகளின் கிரேக்க மூலத்திலும் அந்தப் பெயர்தான். லத்தீன்காரர்கள் அதை தியானா ஆக்கினார்கள். அது நம் வேதாகமத்தில் தியானாள் ஆகி, பாளையங்கோட்டையில் உன் தலையில் வந்து உட்கார்ந்தது. மூன்று கை மாறிய பெயரடி உனக்கு!

போகிற இடமெல்லாம் ரோமர்கள் செய்தது இதுதான். ஜெர்மனியின் கருங்காட்டு மலைத் தெய்வம் அப்னோபாவை 'தியானா அப்னோபா' என்று கல்லில் வெட்டினார்கள். பெல்ஜியம், பிரான்ஸ் பக்கத்து ஆர்டென் காட்டுத் தெய்வம் ஆர்துயின்னாவையும் தியானாவோடு சேர்த்தார்கள். ஆனால் அந்தப் பக்கத்து ரெமி இனத்துச் சிப்பாய் ஒருவன், வேலைக்கு வந்த ரோம் நகரத்திலேயே, ஆர்துயின்னா என்ற சொந்தப் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். அவன் என் கட்சி.

6-ஆம் நூற்றாண்டில் அந்த ஆர்டென் பக்கம் வுல்ஃபிலாய்க் என்று ஒரு துறவி. தூண்மேல் வெறுங்காலோடு நின்றே தவம் செய்தவர். குளிரில் கால் நகங்கள் கழன்றன, தாடியில் பனிக்கட்டி தொங்கியது. அங்கே ஜனங்கள் கும்பிட்ட தியானா சிலையைக் கயிறு கட்டி இழுத்துச் சாய்த்துப் பொடியாக்கினார். பிரான்சின் தூர் நகர ஆயர் கிரெகோரி இதை அவர் வாயாலேயே கேட்டு எழுதி வைத்திருக்கிறார். அந்த ஜனங்கள் கும்பிட்டது ஆர்துயின்னாவைத்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. பாவம், உடைபடும்போதும் அவள் சொந்தப் பெயரில் உடைபடவில்லை.

இதோடு முடிந்ததென்றால் நான் ஜெயித்தேன் என்று எழுதியிருப்பேன். 906 வாக்கில் ரெகினோ என்ற மடத்தலைவர் தொகுத்த திருச்சபைச் சட்டங்களில் ஒரு புலம்பல் வருகிறது: சில பெண்கள் இரவில் மிருகங்கள்மேல் ஏறி தியானாவோடு ஊர் சுற்றுவதாக நம்புகிறார்களாம், அதெல்லாம் வெறும் கனவாம். (நீ இராத்திரி தூங்காமல் எங்கே போகிறாய் என்று இப்போது தெரிகிறது.) ருமேனியப் பாட்டிகளின் கதையில் தேவதைக்குப் பெயர் 'ஸினா'. அல்பேனிய மலைகளில் 'ஸனா'. இரண்டும் தியானாவிலிருந்து வந்தவை என்பார்கள். கோயில் போய், சிலை போய், அவள் யாரென்பதே மறந்த பிறகும் பெயர் மட்டும் பாட்டிகளின் வாயில் நிற்கிறது. ஆக, உன் கட்சிக்குப் பாதி மதிப்பெண். அதற்கு மேல் கிடையாது.

நேமியில் என்னைத் தொந்தரவு செய்தது வேறு ஒன்று. அந்தக் காலத்தில் அங்கே தியானாவின் பூசாரியை 'காட்டின் அரசன்' என்பார்கள். அவன் தப்பி வந்த அடிமையாக இருக்க வேண்டும். இன்னொரு அடிமை வந்து கோயில் காட்டில் இருந்த ஒரு மரத்தில் ஒரு கிளையை ஒடித்தால் இருவரும் மோத வேண்டும். இவனைக் கொன்றால் அவன் அரசன். ஒருவன் ரொம்ப வருஷமாக அசையாமல் இருக்கிறான் என்று ரோமப் பேரரசன் கலிகுலா இன்னொரு பலசாலியை ஏவினானாம். பதவியில் இருப்பவன் எந்நேரமும் உருவிய வாளோடு சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பான் என்று பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். ஏரிக்கரையில் நின்று அதை நினைத்தபோது உன் கடைசி வரி ஞாபகம் வந்தது. அந்த நாற்காலியில் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாயா? யார் வந்து எந்தக் கிளையை ஒடிக்கப்போகிறார்கள்? விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மாத்திரை ஏதாவது போடுகிறாயா? டாக்டரைப் பார்த்தாயா? பதிலில் முதல் வரியாக இதை எழுது, பள்ளிக்கூடச் செய்தி அப்புறம்.

ஜூலை 20-க்கு டிக்கெட் போட்டாயிற்று. ஆகஸ்ட் 13 தியானாவின் திருநாள். பழைய ரோமில் அன்று அடிமைகளுக்கு விடுமுறை. அன்றைக்கு நீ லீவு போடுகிறாய். முதல் நாள் இராத்திரியே வந்துவிடுவேன், பாயை மொட்டைமாடியில் விரித்து வை.

உன்
நெட்டைக்கொக்கு