இ-பாஸ் இருந்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

"இ-பாஸ் எடுத்தாச்சே, இன்னும் எதுக்குப் பணம்?" கொடைக்கானல் சீசன் தொடங்கிவிட்டால் வெள்ளி அருவி சாவடியில் இந்தத் தகராறு ஓயாது. மதுரையிலிருந்து குடும்பத்தோடு கிளம்புபவர்களில் பெரும்பாலோர் இ-பாஸையே எல்லாவற்றுக்குமான சீட்டாக நினைத்துக்கொள்கிறார்கள். அது உங்கள் வண்டி மலையேறுவதற்கான பதிவு, அவ்வளவுதான். மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டதாலேயே பந்தியில் இலை போட்டுவிட்டார்கள் என்று ஆகுமா?

இந்த இ-பாஸ் முறை வந்த கதை பலருக்கும் தெரியவில்லை. ஊட்டியும் கொடைக்கானலும் எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்ற கணக்கு யாரிடமும் இல்லாததால், சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. அப்போது எண்ணிக்கை வரம்பு கிடையாது, கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. 2025 மார்ச்சில்தான் வரம்பு விதித்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000. அரசுப் பேருந்துக்கும், உள்ளூர் வாகனங்களுக்கும், விளைபொருள் ஏற்றும் வண்டிகளுக்கும் விலக்கு உண்டு. ஆகவே சனிக்கிழமைக்கு பாஸ் கிடைக்கவில்லை என்று புலம்புபவர்கள் ஆரப்பாளையத்தில் அரசுப் பேருந்து ஏறினால் போதும். பாஸே வேண்டாம். ஏனோ இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நீதிமன்ற உத்தரவுக்கேற்ப விதிகள் மாறக்கூடும் என்பதால், கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் தளத்தில் மொபைல் எண்ணைக் கொடுத்து, வரும் ஓ.டி.பி.யைப் போட்டு உள்ளே போக வேண்டும். நீலகிரியா கொடைக்கானலா என்று முதலிலேயே கேட்கும். ஒன்றுக்கு எடுத்த பாஸ் மற்றொன்றுக்குச் செல்லாது. வண்டி எண், வகை, எரிபொருள், ஆட்களின் எண்ணிக்கை, போகும் தேதி, திரும்பும் தேதி, தங்கும் இடம் ஆகியவற்றை நிரப்பினால் கியூ.ஆர். குறியீட்டோடு பாஸ் வந்துவிடும். இதற்குக் கட்டணம் இல்லை. கணினி மையத்தில் கேட்கும் தொகை அவர்களுடைய வேலைக்கான கூலி.

சிக்கல் வருவது பெரும்பாலும் வண்டி எண்ணில்தான். பாஸ் ஆளுக்கு அல்ல, வண்டிக்கு. டிராவல்ஸில் ஒரு வேனைச் சொல்லி, அந்த எண்ணுக்கு நீங்கள் பாஸ் எடுத்திருப்பீர்கள். காலையில் வாசலில் வந்து நிற்பது வேறு வேனாக இருக்கும். அந்தப் பாஸால் பயனில்லை. வந்த வண்டியின் எண்ணுக்குப் புதிதாக எடுக்க வேண்டும். அன்றைய ஒதுக்கீடு முடிந்திருந்தால் பயணம் அத்தோடு நின்றுவிடும். ஆகவே முன்பணம் கொடுக்கும்போதே, வரப்போகும் வண்டியின் எண்ணை எழுதி வாங்குங்கள். வண்டி மாறினால் முந்தின நாளே சொல்ல வேண்டும் என்றும் பேசிக்கொள்ளுங்கள். இரண்டு கார்களில் போனால் இரண்டு பாஸ்.

அடுத்தது சிக்னல். வத்தலக்குண்டு, காட்ரோடு தாண்டி மலையேறத் தொடங்கினால் பல இடங்களில் இணையம் வராது. சோதனை நடக்கும் வெள்ளி அருவி சாவடியோ ஊருக்குச் சுமார் 8 கி.மீ. முன்னால், மலைப்பாதை முழுவதும் ஏறி முடித்த பிறகு வருகிறது. அங்கே நின்று போனைத் தடவிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு காருக்குப் பின்னாலும் வளைவு வளைவாக வண்டிகள் சேர்ந்துவிடுகின்றன. பாஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஓட்டுநர் போனிலும் ஒரு பிரதி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அதே சாவடியில் நகராட்சியின் நுழைவுக் கட்டணம் தனி. 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை உண்டு; வைத்திருந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. நாலு எவர்சில்வர் பாட்டிலில் வீட்டுத் தண்ணீர் கொண்டுபோனால் அந்தப் பேச்சே எழாது. கல்யாணத்துக்கோ கல்லூரிச் சுற்றுலாவுக்கோ பெரிய பேருந்து பேசுபவர்கள் நீளத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். 12 மீட்டருக்கு மேல் நீளமுள்ள பேருந்துகளை 2024 நவம்பரிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் விடுவதில்லை.

மேலே போனபின் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு துறையின் கையில் இருக்கிறது. பிரையண்ட் பூங்கா தோட்டக்கலைத் துறையுடையது. தூண் பாறை, குணா குகை, பைன் காடு எல்லாம் வனத்துறை. ஒரு துறையின் சீட்டை இன்னொரு துறையின் வாசலில் நீட்டிப் பயனில்லை. வண்டி நிறுத்தத்துக்குப் பணம் கேட்டால் வரிசை எண்ணும் தொகையும் அச்சிட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் வாங்கும் பணம் யார் பைக்குப் போகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

பேரிஜம் ஏரிதான் அதிகம் பேரை ஏமாற்றுகிறது. ஊரிலிருந்து 20 கி.மீ.க்கு மேல், சரணாலயக் காட்டுக்குள் போக வேண்டும். வனத்துறையின் தனி அனுமதி தேவை. ஒரு நாளைக்கு விடும் வண்டிகளுக்கும் அளவு உண்டு. யானை நடமாட்டம் தெரிந்தால் முன்னறிவிப்பில்லாமல் மூடிவிடுவார்கள். அப்போது வனக்காவலரிடம் வாதாடிப் பயனில்லை, யானைக்கு இ-பாஸ் தெரியாது. பேரிஜத்தை மட்டும் நம்பி ஒருநாள் பயணம் போடாதீர்கள்.

காட்டுக்குள் நடந்து போவது இன்னொரு கணக்கு. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் மாண்ட பிறகு, மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபர் முதல் வனத்துறையே 40 நடைபாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு அனுப்புகிறது. அந்தப் பதிவும் இ-பாஸும் வேறு வேறு. கொடைக்கானல் பக்கம் நடக்கப் போனால் இரண்டும் வேண்டும்.

இவ்வளவையும் சாவடிக்கு வந்த பிறகு தெரிந்துகொள்வதால்தான் தகராறு. வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தருகிலும் காட்ரோடு பிரிவிலும் பெரிய தமிழ்ப் பலகை வைத்து, எந்த அனுமதி எந்தத் துறையிடம், என்ன கட்டணம், இன்று பேரிஜம் திறந்திருக்கிறதா என்று திண்டுக்கல் மாவட்ட நிர்வாகம் எழுதிப்போடலாம். இ-பாஸ் ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்ற செய்தியையும் அங்கேயே போட்டால், திரும்ப வேண்டியவர்கள் சமவெளியிலேயே திரும்பிவிடுவார்கள்.

சுற்றுலா வேன் ஓட்டுநர்கள் சிலர்,
ஆரப்பாளையம், மதுரை.