கோரிக்கை மனு: குழித்துறை ரயில் நிலையத்தில் மார்த்தாண்டத்தின் பெயரும் நிலையத்தின் வரலாறும்

அனுப்புநர்:
தேன் வியாபாரி,
சந்தை அருகில், மார்த்தாண்டம்,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
கோட்ட ரயில்வே மேலாளர் அவர்கள்,
தெற்கு ரயில்வே, திருவனந்தபுரம் கோட்டம்,
திருவனந்தபுரம்.

பொருள்: குழித்துறை ரயில் நிலையத்தில் "மார்த்தாண்டம் செல்வோர் இங்கே இறங்கவும்" என்ற பலகையும், நிலையத்தின் வரலாற்றைச் சொல்லும் பலகையும் வைக்க வேண்டுதல், மற்றும் சில வசதிகள் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். மார்த்தாண்டம் சந்தைப் பக்கத்தில் தேன் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து நடக்கும் கடை. ஊர்ப் பெரியவர்கள் இன்றும் இந்தச் சந்தையைத் தொடுவெட்டிச் சந்தை என்றுதான் சொல்வார்கள். மட்டிப் பழம், ஏத்தன் குலை, மரச்சீனிக் கிழங்கு, நல்லமிளகு, ரப்பர் ஷீட் என்று மலையோரத்தில் விளைவதெல்லாம் வந்து சேரும் ஊர் இது. ஆனால் மார்த்தாண்டம் என்ற பெயரில் ரயில் நிலையம் கிடையாது. எங்கள் நிலையம் குழித்துறை. அந்தப் பெயரில் தவறு ஒன்றும் இல்லை. விளவங்கோடு வட்டத்தின் தலைமையிடம் குழித்துறை, மார்த்தாண்டமும் குழித்துறை நகராட்சியைச் சேர்ந்ததுதான். ஆகையால் பெயரை மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு மாநில அரசு பரிந்துரைத்து, மத்திய உள்துறையும் சம்மதிக்க வேண்டும் என்பது தெரியும். நான் கேட்பது தங்கள் கையாலேயே ஆகக்கூடிய காரியம்.

சில மாதங்களுக்கு முன் விழுப்புரத்திலிருந்து ஒரு வாடிக்கையாளர் மொத்தமாகத் தேன் வாங்க வந்தார். அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஏறி, நாகர்கோவிலில் இறங்கி, பஸ் பிடித்து, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நின்றுகொண்டே வந்து சேர்ந்தார். "உங்க ஊருக்கு ரயிலே இல்லையே" என்றார். அவர் இறங்கிய அதே ரயில்தான் குழித்துறையிலும் நின்று போகிறது என்று நான் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. அவர் தேடியது மார்த்தாண்டம் என்ற பெயரை. குழித்துறைதான் மார்த்தாண்டத்துக்கு இறங்க வேண்டிய இடம் என்று அவருக்கு யார் சொல்வார்?

இன்னொன்று. திருவனந்தபுரத்திலிருந்து வரும்போது குழித்துறைக்கு முன்பாகக் குழித்துறை மேற்கு என்றொரு சிறிய நிலையம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் மருத்துவம் பார்த்துவிட்டுப் பாசஞ்சரில் திரும்பிய என் சித்தி, குழித்துறை என்ற எழுத்தைப் பார்த்ததும் அங்கே இறங்கிவிட்டார். கூட வந்த பையனும் வெளியூர்க்காரன். சாயங்கால நேரம். ஆட்டோ கிடைத்து வீடு வந்து சேரும்வரை எங்களுக்கு உயிரே இல்லை. மருத்துவக் கல்லூரிக்கும் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் எங்கள் பக்கத்திலிருந்து போய்வருகிறவர்கள் நிறைய. களைத்துத் திரும்புகிற நோயாளிக்கு இந்த இரண்டு பெயர்களும் குழப்பம்தான்.

எனவே, குழித்துறை நிலைய நடைமேடைகளில், வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிகிற அளவில், "மார்த்தாண்டம் செல்வோர் இங்கே இறங்கவும்" என்று தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பலகை வைத்துத் தர வேண்டும். இப்படிப்பட்ட பலகைகளை வேறு நிலையங்களில் நானே பார்த்திருக்கிறேன். வண்டி வரும்போது ஒலிபெருக்கியிலும் ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொன்னால் போதும். பெரிய செலவு இல்லை. அந்தப் பலகையின் கீழேயே சிதறால் சமணர் மலை, 115 அடி உயர மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி ஆகியவற்றுக்கும் இதுவே இறங்குமிடம் என்று எழுதலாம். முதன்முறையாக வருகிறவர்கள் நாகர்கோவிலுக்கோ கன்னியாகுமரிக்கோ போய்விட்டு மறுபடி இந்தப் பக்கம் திரும்பி வர வேண்டியிருக்காது.

ஆங்கில எழுத்து பற்றியும் ஒரு வார்த்தை. ரயில்வே பட்டியலில் எங்கள் ஊரின் ழகரம் வெறும் 'எல்' ஆகிவிடுகிறது. ஊரில் எல்லோரும் எழுதுவது 'இசட் எச்' போட்டுத்தான். கைபேசியில் பயணச்சீட்டுத் தேடுகிறவர் ஊர் வழக்கப்படி எழுதித் தேடினால் தடுமாறுகிறார். இது தங்கள் அளவில் முடியாது என்றால் மேலிடத்துக்குப் பரிந்துரையாவது அனுப்புங்கள்.

அப்புறம், வரலாற்றுப் பலகை. இதுதான் என் மனத்துக்கு மிக நெருக்கமான கோரிக்கை.

கொல்லம்-செங்கோட்டை பாதை வழியாகத் திருவிதாங்கூருக்குள் ரயில் வந்தது 1904-இல். அது திருவனந்தபுரம் வரை நீண்டது 1918-இல். இன்று திருவனந்தபுரம் சென்ட்ரல் என்று சொல்லும் தம்பானூர் நிலையம் 1931-இல் திறக்கப்பட்டது. அதோடு தண்டவாளம் நின்றுவிட்டது. தம்பானூருக்குத் தெற்கே இருந்த நாங்கள் 48 ஆண்டுகள் காத்திருந்தோம். 1938-இல் திருவிதாங்கூர் அரசு பஸ் ஓடத் தொடங்கியபோது திருவனந்தபுரம்-நாகர்கோவில் சாலைக்குத்தான் முதலில் பஸ் வந்தது. குழித்துறை ஆற்றுப் பாலத்தைக் கடந்துபோகும் அந்தச் சாலையை நம்பித்தான் சந்தையும் ஊரும் இருந்தன. 1956 நவம்பர் 1-ஆம் தேதி குமரி தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தது. அதற்கும் 16 ஆண்டுகள் கழித்து, 1972-இல் இந்திரா காந்தி அம்மையார் ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார். 1979 ஏப்ரல் 15-ஆம் தேதி பிரதமர் மொரார்ஜி தேசாய் காலத்தில் திருவனந்தபுரம்-நாகர்கோவில்-கன்னியாகுமரி அகலப் பாதை திறக்கப்பட்டது. எங்கள் நிலையமும் அன்றைக்கு வந்ததுதான். திருநெல்வேலியோடு இணைப்பு 1981-இல்தான் கிடைத்தது. அதுவரை ரயிலில் சென்னைக்குப் போக வேண்டுமென்றால் முதலில் கேரளத்துக்குள் போய்ச் சுற்ற வேண்டும்.

தங்கள் திருவனந்தபுரம் கோட்டம் உருவானது 1979 அக்டோபர் 2-ஆம் தேதி. எங்கள் பாதை அதைவிட ஐந்தரை மாதம் மூத்தது. இதை உரிமையோடும் பெருமையோடும் சொல்கிறேன்.

அந்த ஏப்ரலில் எனக்கு வயது பன்னிரண்டு. அதுவரை அப்பா தேன் டின்களைப் பஸ் மேலேயும் லாரியிலும் ஏற்றி அனுப்புவார். மேடு பள்ளத்தில் டின் நசுங்கி வரும், சில நேரம் மூடி திறந்து கொட்டிவிடும். ரயில் வரப்போகிறது என்றதும் அவர் வேலையை விட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்டவாளத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெயிலில் கை சுட்டது. "இனி நம்ம டின் நசுங்காது" என்றார். இன்று நிலையத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்தக் காத்திருப்பு தெரியாது. சொல்லித்தர அங்கே ஓர் எழுத்தாவது வேண்டும்.

அம்ருத் பாரத் திட்டத்தில் புதுப்பித்த நிலையத்தைப் பிரதமர் 2025 மே 22-ஆம் தேதி காணொலி வழியாகத் திறந்து வைத்தார். அதற்காக ரயில்வேக்கு ஊர் சார்பில் நன்றி சொல்கிறேன். புதிய கட்டடம் அமைந்த இந்த நேரமே வரலாற்றுப் பலகை வைக்கவும் பொருத்தமான நேரம். வாசகங்களைத் தமிழில் எழுதித் தரவும், தேதிகளைச் சரிபார்க்க உள்ளூர் ஆசிரியர்களைக் கூட்டிவரவும் நாங்கள் தயார். மலையாளத்திலும் இருக்கட்டும். இந்தத் தண்டவாளம் இரண்டு மொழிக்காரர்களுக்கும் சொந்தம்.

கடைசியாகச் சில வசதிகள். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1920-களில் ஸ்பென்சர் ஹேட்ச் என்பவர் இங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராம முன்னேற்ற மையத்தை நடத்தி, தேனீப் பெட்டி வைத்து வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பெருமையைச் சுமக்கும் தேனுக்கு, 'ஒரு நிலையம் ஒரு பொருள்' திட்டத்தில் எங்கள் நிலையத்திலேயே நிரந்தர இடம் ஒதுக்க வேண்டும். சுழற்சி முறையில் சிறு தேனீ வளர்ப்போருக்கும் மகளிர் குழுக்களுக்கும் கொடுத்தால் நன்று. எனக்குக் கடை இருக்கிறது, எனக்காகக் கேட்கவில்லை.

ஆடி அமாவாசையையொட்டிக் குழித்துறையில் வாவுபலிப் பொருட்காட்சி நடக்கிறது. மகா சிவராத்திரியில் முன்சிறையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் சிவாலய ஓட்டத்துக்குப் பன்னிரண்டு கோயில்களையும் கால்நடையாகச் சுற்றுகிறவர்கள் வருகிறார்கள். இந்த இரண்டு நேரங்களிலும் நிலையத்தில் தமிழும் மலையாளமும் தெரிந்த ஒருவரை உதவி மேசையில் அமர்த்தி, குடிநீர் ஏற்பாடும் செய்து தர வேண்டும். நோயாளிகளுக்கான சக்கர நாற்காலி எங்கே கிடைக்கும், யாரிடம் கேட்பது என்ற விவரமும் நுழைவாயிலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இந்த மனுவைப் பரிசீலித்து, முதலில் பலகைகளுக்காவது ஆவன செய்து, எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் நேரில் வரச் சொன்னால் எந்த நாளும் தம்பானூர் வரை வந்து விளக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
தேன் வியாபாரி, மார்த்தாண்டம்