திறப்பு யார் கையில்?

புதுடில்லி
தை மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாயிருக்க நல்லூர் முருகனை வேண்டுகிறேன். இங்கே சரியான குளிர், காலை பத்து மணி வரைக்கும் பனிப்புகார் விலகாது. கரோல் பாக்கில் நல்லெண்ணெய், கறிவேப்பிலை எல்லாம் வாங்கலாம் என்று அம்மாவுக்குச் சொல்லுங்கோ.

நான் இங்கே சமாதானப் பேச்சுவார்த்தை பற்றிப் படிப்பதற்கு, "இத்தனை பேச்சுவார்த்தை பார்த்த சனம், அதை அங்கே போய்ப் படிக்க என்ன கிடக்கு?" என்று எழுதியிருந்தீர்கள். இப்போது நேபாளத்தைப் படிக்கிறோம். 2005 நவம்பரில் மன்னராட்சியை எதிர்த்த ஏழு கட்சிகளும், ஆயுதம் ஏந்திய மாவோயிஸ்டுகளும் 12 அம்சப் புரிந்துணர்வுக்கு வந்தது இந்த டில்லியில்தான். அடுத்த வருடம் நவம்பர் 21இல் சமாதான உடன்படிக்கை.

கையெழுத்துக்குப் பிறகு நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்லவேண்டும். போராளிகளை 7 பெரிய முகாம்களில் இருத்தினார்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று துணை முகாம். ஆயுதங்களைப் பதிந்து, அங்கேயே இரும்புக் கொள்கலனுக்குள் வைத்துப் பூட்டினார்கள். திறப்பு (இங்குள்ள தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சாவி என்பார்கள்) மாவோயிஸ்டுகளிடமே இருந்தது. ஐ.நா. கண்காணிப்பாளர்களிடம் கமராவும், யாராவது திறந்தால் அலறும் சைரனும். இராணுவமும் அதே எண்ணிக்கை ஆயுதத்தைப் பூட்டி வைத்தது. அதனால் ஒருத்தருக்கும் சரணடைந்தார்கள் என்ற பேர் வரவில்லை. ஐ.நா. ஆட்கள் வந்து சேரும்வரை முன்னாள் கூர்க்காப் படையினர் காவல் நின்றார்கள். அந்த இடைவெளியை அப்படியே விட்டிருந்தால் எல்லாம் குழம்பியிருக்கும்.

பிழை விட்ட இடமும் உண்டு. முகாமில் இருப்பவர்கள் போராளிகளாக ஏற்கத் தகுதியானவர்களா என்று ஐ.நா. செய்த சரிபார்ப்பில் 19,602 பேர் தேறினார்கள். தேறாத 4,008 பேரில் 2,973 பேர் குறித்த நாளில் 18 வயது நிரம்பாத பிள்ளைகள். என்ன உதவியோடு வீட்டுக்கு அனுப்புவது என்ற இழுபறியில் 2010 தொடக்கம் வரை முகாமிலேயே கிடந்தார்கள். நெஞ்சு பொறுக்கவில்லை அப்பா.

எங்கள் நாட்டில் அரசும் புலிகளும் செய்த 2002 பெப்ரவரி 22 போர்நிறுத்த உடன்படிக்கையில் இப்படிப் பூட்டும் இல்லை, திறப்பும் இல்லை. நோர்வே முதலான நோர்டிக் நாடுகளின் கண்காணிப்பாளர்கள் மீறல்களைப் பதிவு செய்யலாம், தடுக்க ஒரு வழியுமில்லை. 2003 ஏப்ரலில் உதவி வழங்கும் நாடுகளின் ஆயத்தக் கூட்டத்தை வாஷிங்டனில் வைத்தார்கள். அமெரிக்கா தடை செய்த புலிகள் அங்கே எப்படிப் போவது? அந்த மாதமே பேச்சை இடைநிறுத்தினார்கள், சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. இடத்தைக் குறிக்க முன்னமே இரண்டு தரப்புக்கும் விசா, போக வரப் பாதுகாப்பு, ஆளணியின் எண்ணிக்கை எல்லாம் சரியா என்று நடுநிற்பவர் பார்த்திருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் கண்காணிப்புக் குழுவிடம் முறைப்பாடு கொடுத்த ஆட்களை உங்களுக்குத் தெரியும்தானே. என்ன எழுதிக் கொடுத்தார்கள், பதில் எத்தனை நாளில் வந்தது, வந்ததா என்று கேட்டு எழுதுங்கோ.

அன்புடன்,
மகள்