ஹார்மோன் தடுப்பு மருந்தோடு ஒரு தாளும் தாருங்கள்: மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிக்கும் மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் எழுதித் தரும் மருந்துச்சீட்டு கடைசியில் வந்து சேரும் இடம் எங்கள் மருந்தகத்தின் மேசை. அதன் பின்னால் நின்று இந்த மாத்திரைகளை எடுத்துக் கொடுக்கும் மருந்தாளுநர் என்ற முறையில் உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஹார்மோனைத் தடுக்கும் மருந்து எதைத் தொடங்கினாலும், அதை எப்படி உட்கொள்ள வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும், எப்போது யாரை அழைக்க வேண்டும் என்பதை நோயாளிக்குப் புரியும் மொழியில் ஒரு தாளில் எழுதி, சீட்டோடு சேர்த்துக் கொடுங்கள்.

சிகிச்சையின் பலனில் எனக்கு ஐயம் ஏதுமில்லை. ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்தப் புற்று அடங்கும் என்று அறுவை மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் காட்டி, அதற்காக 1966இல் நோபல் பரிசும் பெற்றார். அன்று விரைகளை அகற்றும் அறுவை மூலம் நடந்த வேலையை இன்று பெரும்பாலும் ஊசியும் மாத்திரையும் செய்கின்றன. ஆனால் அறுவை உங்கள் கையிலேயே முடிந்துவிடும். மாத்திரையோ உங்கள் கண்ணில் படாமல், நாள்தோறும் நோயாளியின் வீட்டில் நடந்தாக வேண்டிய சிகிச்சை.

ஆண் ஹார்மோன் உருவாவதைத் தடுக்கும் அபிராட்டிரோன் மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான அளவு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம். மாத்திரை 250 மில்லிகிராமிலும் வருகிறது, 500 மில்லிகிராமிலும் வருகிறது. சீட்டில் "4 மாத்திரை, வெறும் வயிற்றில்" என்று மட்டும் இருந்து, அடுத்த முறை 500 மில்லிகிராம் பெட்டி வந்துவிட்டால், நான்குக்குப் பழகிய கை நான்கையே எடுக்கும், அளவு இரட்டிப்பாகிவிடும். மாத்திரைக்கு முன்னால் 2 மணி நேரமும் பின்னால் 1 மணி நேரமும் எதுவும் சாப்பிடக் கூடாது என்பதில், பின்னால் உள்ள அந்த ஒரு மணி நேரத்தைச் சீட்டு சொல்வதே இல்லை. எழுந்ததும் மாத்திரையைப் போட்டுவிட்டுப் பத்து நிமிடத்தில் சிற்றுண்டிக்கு உட்காருபவர், தாம் எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறோம் என்றே நினைப்பார். அவரைக் குறை சொல்ல வழியில்லை. கொழுப்பு மிகுந்த உணவோடு சேர்ந்தால் இரத்தத்தில் ஏறும் மருந்து, வெறும் வயிற்றில் ஏறுவதைப் போல் ஏறக்குறைய 10 மடங்காகலாம். குறைந்த அளவை உணவோடு தரும் முறையை உங்களில் சிலர் தெரிந்தே பின்பற்றுகிறீர்கள். அப்படியானால் அதையும் எழுதிவிடுங்கள்; இல்லையேல் சீட்டில் பிழை இருப்பதாக எண்ணி நான் உங்களைத்தான் தொலைபேசியில் தொந்தரவு செய்ய வேண்டியிருக்கும்.

இதனோடு தரப்படும் பிரெட்னிசோலோன் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு என்று கேள்விப்பட்ட உடனே அதை மட்டும் நிறுத்திவிட்டு, "புற்றுநோய் மாத்திரையை ஒழுங்காகத்தான் போடுகிறேன்" என்பவர்கள் உண்டு. அபிராட்டிரோன் உடலின் இயற்கை ஸ்டீராய்டான கார்ட்டிசோலையும் சேர்த்துக் குறைக்கிறது என்பதும், அதை ஈடுகட்ட மூளை சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியைத் தூண்டுவதால் உப்பையும் நீரையும் தேக்கும் ஹார்மோன்கள் பெருகி, இரத்த அழுத்தம் ஏறி, பொட்டாசியம் இறங்கி, கால் வீங்கும் என்பதும், அதைத் தடுக்கத்தான் இந்தச் சிறிய மாத்திரை என்பதும் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. காரணம் தெரிந்தவர் அதை நிறுத்த மாட்டார். முதல் 3 மாதங்கள் 2 வாரத்துக்கு ஒருமுறையும் பிறகு மாதம் ஒருமுறையும் கல்லீரல் பரிசோதனை, மாதந்தோறும் இரத்த அழுத்தமும் பொட்டாசியமும் என்ற கணக்கை, வெறும் அறிவுரையாக இல்லாமல் நாள் குறித்தே எழுதுங்கள்.

ஊசிக்கு வருகிறேன். லியூப்ரோலைடு, கோசெரலின் போன்ற ஊசிகள் முதலில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஏற்றிவிட்டு, ஓரிரு வாரம் கழித்தே இறக்குகின்றன. அந்த ஏற்றத்துக்குக் காப்பாகத்தான், அந்த ஹார்மோனை வேலை செய்யவிடாமல் தடுக்கும் பிகாலுடமைடு மாத்திரை சில வாரங்களுக்குத் தரப்படுகிறது. அதை எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் நிறுத்துவது என்பது சீட்டில் இல்லாததால், ஊசி போட்ட பிறகு சாவகாசமாக வாங்க வருபவரையும் பார்க்கிறேன், மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருப்பவரையும் பார்க்கிறேன். முதுகெலும்புக்கு நோய் பரவியவரிடம் இந்த ஏற்றம் தண்டுவடத்தை நெருக்கக்கூடும். கால்கள் வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, முதுகுவலி திடீரென்று கடுமையானாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்ற வரி தாளில் தடித்த எழுத்தில் இருக்கட்டும். டெகரெலிக்ஸ் ஊசியிலும் ரெலுகோலிக்ஸ் மாத்திரையிலும் இந்த ஏற்றம் கிடையாது. ஆனால் ரெலுகோலிக்ஸை எடுக்காமல் விட்டால் ஹார்மோன் விரைவில் திரும்பிவிடும். 7 நாளுக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி முதல் நாள் அளவான 360 மில்லிகிராமிலிருந்து தொடங்க வேண்டும், அதுவும் உங்களைக் கேட்டுத்தான்.

மருந்தை மாற்றும்போது பழைய பழக்கம் கூடவே வந்துவிடுகிறது. ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் மாத்திரைகளில் டாரோலுடமைடை உணவோடு எடுக்க வேண்டும். என்சலுடமைடுக்கு உணவுக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் முன்பு வலிப்பு வந்தவரா என்று கேட்டாக வேண்டும். மற்ற மருந்துகளின் பட்டியல் உங்கள் கோப்பில் பல நேரம் முழுமையாக இருப்பதில்லை, ஏனென்றால் இதயத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர் என்று வெவ்வேறு மருத்துவர்கள் எழுதுகிறார்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவரிடம் பிகாலுடமைடு அதன் வேலையைக் கூட்டும், என்சலுடமைடு குறைக்கும். அபிராட்டிரோனோடு, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையான ஸ்பைரனோலாக்டோன் ஒத்துப்போகாது. மூலிகை மாத்திரைகளை நாமாகக் கேட்காவிட்டால் யாரும் சொல்வதில்லை.

எலும்புத் தேய்மானம், எடை கூடுதல், நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றை நீங்கள் அறிவீர்கள். எலும்பு அடர்த்திப் பரிசோதனையும், எலும்புக்கான ஊசிக்கு முன் பல் மருத்துவரைப் பார்ப்பதும், தசையை வலுப்படுத்தும் உடற்பயிற்சியும் தாளில் ஆளுக்கொரு வரி பெற்றால் போதும்.

நீங்கள் பேசத் தயங்கும் ஒன்றுக்கு அதைவிடக் கூடுதலான இடம் வேண்டும். மேசையில் ஆள் குறையும்வரை காத்திருந்து, பெட்டியின் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டே, "இது போட்டதிலிருந்து ஆசையே இல்லை, ராத்திரி வேர்த்துக் கொட்டுது, சும்மா சும்மா அழுகை வருது, இதெல்லாம் மாத்திரையாலயா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். ஆம், மாத்திரையால்தான். தொடங்கும் முன்பே, முடிந்தால் மனைவியையும் உட்காரவைத்து இதைச் சொல்லியிருந்தால், சிலர் தாமாகவே மாத்திரையை நிறுத்தியிருக்க மாட்டார்கள். வேர்வைக்கும் மனச்சோர்வுக்கும் உதவி உண்டு என்பதையும் தெரிந்துகொண்டிருப்பார்கள். கருவுற்ற பெண் வீட்டில் இருந்தால் அவர் அபிராட்டிரோனைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது என்பதையும் அந்தச் சந்திப்பிலேயே சொல்லிவிடலாம்.

தாளின் அடியில், இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண் வேண்டும். கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், நெஞ்சு படபடத்தால், மயங்கி விழுந்தால் யாரை அழைப்பது என்பதற்கு விடையாக "அடுத்த சந்திப்பில் பார்க்கலாம்" என்பது இருக்கக் கூடாது. அளவையோ மருந்தையோ மாற்றும் ஒவ்வொரு முறையும் பழைய தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தேதியிட்ட புதிய தாளைக் கொடுங்கள். அதை வரிக்கு வரி படித்துக் காட்டி, மாத்திரையின் வலிமையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பெட்டியைக் கையில் தரும் பொறுப்பை மருந்தாளுநர்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்